நொடிக்கு முந்நூறு

கல்யாணமான நாளிலிருந்து தமயந்தியும் குமரவேலும் தலைக்குள் இருக்கும் சிப் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். அவள் மனதில் பொங்கும் கோபமும் கொஞ்சலும் ஒரே நொடியில் மொத்தமாக அவருக்குள் போய் இறங்கிவிடும். ரத்த அழுத்த மாத்திரையை விழுங்காமல் ஏமாற்றி, அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகு அது நின்றுபோனது. வாயால் பேசினாலும் அவருக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சிப்பைப் பார்த்துக்கொள்ளும் ரெஹானா சொன்னாள்: "பழைய வேகத்தை அவரு மூளை தாங்காதும்மா. இனிமே நொடிக்கு முந்நூறு பிட்டுதான். அந்தக் காலத்துல டெலிபோன் லைன்ல கீச்சுகீச்சுன்னு கத்துமே மோடம், அந்த வேகம். எழுத்தெழுத்தாத்தான் போகும்."

தமயந்தி நினைத்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, 'பக்கத்துலதான் இருக்கேன். பயப்படாதீங்க' என்று மட்டும் அனுப்பினாள்.

குமரவேலின் புருவம் சுருங்கியது. வெகுநேரம் கழித்து அவள் தலைக்குள் ஒவ்வோர் எழுத்தாகப் பதில் வந்தது.

'தி... ட்... ட... லை... யா?'

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. ரெஹானாவிடம் திரும்பினாள்.

"ஏம்மா, முன்னெல்லாம் ஒரு நொடியில இவரைத் திட்டித் தீர்த்துடுவேன். அவ்வளவும் இந்த வேகத்துல போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?"

ரெஹானா கணக்குப் போட்டுப் பார்த்துத் தயங்கினாள். "கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும்மா."

தமயந்தி நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

'ஒரு வருஷம் ஆகுமாம்' என்று ஆரம்பித்தாள். 'முழுசாக் கேக்காம எங்கயும் போயிடக் கூடாது.'