பருந்துப் பரீட்சை

"ஆத்துக்கு மேல சுத்துறது கழுகா? செம்பருந்து புள்ள அது! நெஞ்சு வெள்ளை, செட்டை செங்கல் நிறம். கண் கிளினிக்கில ஒனக்குத்தான் நம்பர் எடுக்கணும் போல" என்று ஷிப்லி சிரித்தான்.

ஆற்றுக்கு மேலே வட்டமடித்த பறவையைப் பஸ்மிலா அண்ணாந்து பார்த்தாள். நெஞ்சு வெள்ளைதான். மாவடிப்பள்ளி ரோட்டோரம் முக்காடு காற்றில் பறக்க நின்றவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சீனி வருத்தம் கண்ணில் இறங்கிப் பார்வை மங்கியதிலிருந்து அவள் புருஷன் ஷிப்லி வீட்டோடு முடங்கிக் கிடந்தான். லேசர் பிடித்த பிறகு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, நாளைக்கே ஸ்கூல் வேனை எடுக்கப்போகிறேன் என்று ஒரே பிடியாக நின்றான். ஏறப்போவது ஊரார் பெற்ற பிள்ளைகள் ஆயிற்றே!

"ரோட்டுல பருந்து காட்டுறன். சரியாச் சொன்னா வேன் திறப்பைத் தாறன்" என்று சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள்தான் ஓட்டோ பிடித்துக் கூட்டி வந்தாள். வேன் ஓடிய காலத்தில் இந்த ரோட்டுப் பருந்துகளை எல்லாம் பிள்ளைகளுக்குப் பேர் சொல்லிக் காட்டியவன் அவன்.

"அந்தா, இன்னொண்டு."

"எங்க புள்ள?"

"கரண்டுக் கம்பியில."

"ஓம், கருந்தோள் பருந்து. எலிக்குக் காவல் இரிக்கான்."

அதுவும் சரி.

"மற்றது?"

"எதச் சொல்றாய்?"

"வயலோட தாழப் பறக்குதே."

"பூனைப்பருந்து. மாரிக்கு வந்தவன்."

ஷிப்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "போனதும் வேனைக் கழுவணும். டயருக்குக் காத்தும் அடிக்கணும்" என்றான்.

பஸ்மிலா கைப்பையைத் திறந்தாள். இத்தோடு போதும், திறப்பைக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். பக்கத்து வீட்டு முஸ்பிறாவின் சின்ன மகள் முன் சீட்டுக்குச் சண்டை பிடிப்பது ஞாபகம் வந்தது. மனம் கேட்கவில்லை.

"கடைசியா ஒண்டு. மதகுக்கு அங்கால, ஒத்தப் பனையில இரிக்கிறது என்ன?"

ஷிப்லி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான்.

"பாம்புக் கழுகு! கொண்டையச் சிலுப்பிக்கிட்டு நம்மளத்தான் பாக்கிறான். இப்பயாவது திறப்பைத் தா புள்ள."

அவன் நீட்டிய கையை அவள் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பனையப் போன மாசமே தறிச்சிட்டாங்க."