மூன்று தட்டு

பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை வாங்குவதற்கு முன் பழுதுச் செலவைக் கணக்கிட, பொறியாளர் பெனிட்டாவை அழைத்து வந்திருந்தார் கோமதிநாயகம். அவள் ஒவ்வொரு சுவரையும் சாவியால் மூன்று முறை தட்டினாள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலித்த இடங்களில், பூச்சை உடைத்துப் பூச வேண்டும் என்பதற்கு அடையாளமாக சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டாள். அவர் சதுர அடியைக் குறித்துக்கொண்டார். ஆறு மாதத்தில் வேலை முடிய வேண்டும். ஏழாம் மாதம் வங்கித் தவணை தொடங்கிவிடும். எட்டு வீடுகளும் காலி என்று விற்பவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கணக்கை நம்பித்தான் கடன்.

மூன்றாம் மாடியின் கடைசி வீடு வெளியே பூட்டியிருந்தது. பூட்டின் துளையைத் துரு மூடியிருந்தது. பெனிட்டா அதன் சுவரை மூன்று முறை தட்டினாள். உள்ளிருந்து மூன்று முறை தட்டும் சத்தம் வந்தது.

"சார், உள்ள ஆள் இருக்காங்க."

"எதிரொலிம்மா. பழைய கட்டடம்ல."

அவள் இரண்டு முறை தட்டினாள். இரண்டு முறை வந்தது.

கோமதிநாயகம் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மறு கையிலிருந்த தாளை நெடுநேரம் பார்த்தார்.

"உங்க அறிக்கையில காலின்னே போடுங்க."

அவள் எழுதவில்லை. உள்ளே தட்டும் சத்தம் தானாகவே தொடங்கியது. சாண் சாணாக, பொறுமையாக, சுவரைச் சோதித்தபடி நகர்ந்து வந்தது. அவருடைய உள்ளங்கைக்கு நேரே வந்ததும் நின்றது. பிறகு அங்கேயே, சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு இழுக்கும் சத்தம். அதை வெட்டி இன்னொன்று.