மூன்று மணிக்கு அப்பா

சலூன்களுக்கான முன்பதிவு இணையச் செயலியை அவள் எழுதியிருந்தாள். கடைகள் பல, செயலி ஒன்று. வாடிக்கையாளர்களில் இருவர், சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பி. "என் கடை விவரத்துல அவன் மூச்சுக்காத்துகூடப் படக்கூடாது" என்று இருவரும் சொல்லிவைத்தாற்போல் சொன்னதால், இருவரின் தரவுகளையும் தனித்தனியே பூட்டிவைத்திருந்தாள்.

ஒரு காலையில் அண்ணன் போனில் கத்தினார்.

"செத்துப்போன எங்கப்பா பேர்ல மூணு மணிக்கு முடிவெட்டப் பதிஞ்சிருக்கு. அந்த நாய் வேலை! நீதானே உள்ள விட்ட?"

போனை வைத்ததும் தம்பி அழைத்தான். அதே பெயர், அதே நேரம், அதே வசவு.

தேடிப் பார்த்தாள். எங்கும் ஓட்டை இல்லை, யாரும் நுழைந்த தடயமும் இல்லை. இரண்டு பதிவுகளையும் அழித்தாள். அவள் கண்ணெதிரிலேயே இரண்டும் திரும்ப வந்தன.

மூன்று மணி தாண்டியதும் தம்பி மறுபடி அழைத்தான்.

"அழிச்சிடாதீங்க. அப்பா வந்து நாற்காலியில உக்காந்திருக்காரு. அண்ணனுக்குச் சொல்லிடாதீங்க, இழுத்துட்டுப் போயிடுவான்."

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணனின் அழைப்பும் வந்தது. அவர் கிசுகிசுத்தார்.

"அப்பா இங்கதான் இருக்காரும்மா. தம்பி கடைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டாராம்."