நாலு தழும்பு

செல்லியம்மா உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டாள். கட்டில்மேல் மடித்து வைத்திருந்த முகூர்த்தப் புடவையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் வாங்கிய புடவை அது.

அதைத் திரும்ப எடுத்துப்போகத்தான் வந்திருக்கிறாள் என்று தேன்மொழிக்குப் புரிந்துவிட்டது. கன்னத்தில் நலங்கு மஞ்சள் இன்னும் காயவில்லை. விடிந்தால் இந்த அம்மாளின் மகன் கிரண்குமாருடன் அவளுக்குக் கல்யாணம்.

வெளியே, சந்திரகிரி மண்டபத்தின் கூடம் முழுக்கக் கன்னிகாவின் குரல்தான் கேட்டது. கிரணின் அத்தை அவள். நலங்கு முடிந்து பெண்ணுக்குப் புடவை மாற்றிவிட வந்தவள், தொப்புளருகே தழும்பைப் பார்த்ததும் "ஏமி இதி, என்ன இது?" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடியிருந்தாள்.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்யா இது! கேம்ப்புல தொப்புள்லதான் ஓட்ட போடுவாங்க. ஊர்ல எத்தன பொம்பளைங்களுக்குப் பாத்திருக்கேன். இதுக்கு முன்னாடி எத்தன புள்ள பெத்தாளோ!"

"அப்படிச் சொல்லாதம்மா. பித்தப்பையில கல்லு. போன வருஷம் திருப்பதியில எடுத்தாங்க." தேன்மொழியின் அப்பா ரங்கன் கெஞ்சினார். குடிபாலாவில் கூலி வேலை செய்து, தாயில்லாத பெண்ணைத் தனியாக வளர்த்தவர் அவர்.

"கல்லு மேல இருக்குதாம், ஓட்டைய தொப்புள்ல போட்டாங்களாம்! வயித்த கிழிக்காம கல்ல எப்படிய்யா எடுப்பாங்க?"

"அந்த ஓட்ட வழியா கேமராவ வுட்டு, டிவியில பாத்துக்கினே எடுக்கறாங்கம்மா. இதோ, கண்ணால பாரு."

ரங்கன் சட்டைப்பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்துக் குலுக்கும் சத்தம் அறைக்குள்ளும் கேட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கற்கள். கல்யாணம் முடிந்ததும் திருமலை உண்டியலில் போடுவதாக அவருக்கு ஒரு வேண்டுதல்.

"கல்லு ரோட்லகூடத்தான் கெடைக்குது" என்றாள் கன்னிகா. யாரோ சிரித்தார்கள்.

"அத்த, எனக்கு முன்னாடியே தெரியும். தேனு எல்லாத்தையும் சொல்லிடுச்சி." இது கிரணின் குரல்.

"நீ சும்மா இரு. உனக்கு இன்னா தெரியும்? மூணு பொண்ணுங்களுக்கு அப்புறம், ஏழு வருஷம் கழிச்சி மலையப்பசாமி குடுத்தவன்டா நீ. உன்னோட வம்சம் நின்னு போவணுமா? டிரைவர வேன எடுக்கச் சொல்லு!"

அறைக்குள் செல்லியம்மா தேன்மொழியின் முன்னால் வந்து நின்றாள்.

"முந்தானைய வெலக்கு."

தேன்மொழி விலக்கினாள். தொப்புளில் ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது விலாவை ஒட்டி இரண்டு. ஒவ்வொன்றும் நகத்தளவு. செல்லியம்மா குனிந்து பார்த்தாள், தொடவில்லை.

"ஆபரேஷன் முடிஞ்சி எழுந்தப்ப, தோள்பட்ட வலிச்சுதா?"

தேன்மொழிக்குக் குழப்பமாக இருந்தது. இவ்வளவு நேரமும் எல்லோரும் வயிற்றைப் பற்றித்தான் பேசினார்கள்.

"வலிச்சுது அத்த. ரெண்டு நாளு கைய தூக்க முடியல. வயித்துல காத்து ஏத்துனதால அப்படித்தான் இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"வயித்த வுட தோளுதான் ஜாஸ்தி வலிச்சுதா?"

"ஆமாத்த."

செல்லியம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. வெளியே வேன் உறுமும் சத்தம் கேட்டது.

"சாமி சத்தியமா கல்லுக்குதான் அத்த" என்றாள் தேன்மொழி. "கல்யாணம் வேணாம்னா வேணாம். எங்க நைனாவ மட்டும் இத்தன பேரு முன்னால அசிங்கப்படுத்தாதீங்க."

செல்லியம்மா தாழ்ப்பாளை நீக்கினாள். புடவையோடு கூடத்துக்கு நடந்தாள். அதைப் பார்த்ததும் ரங்கனின் கைகள் தானாகக் குவிந்தன. பாட்டில் அவர் காலடியில் விழுந்து உருண்டது.

"புடவைய வாங்கிக்கினியா அண்ணி? நல்ல வேல பண்ணே" என்றாள் கன்னிகா. "வா, கெளம்பலாம்."

செல்லியம்மா புடவையை அவள் கையிலேயே திணித்தாள்.

"காலைல நீதான் அவளுக்கு இத கட்டி வுடணும்."

"பைத்தியமா உனக்கு? அந்தத் தழும்பு..."

"நாலு தழும்பு இருக்குது. கல்லுக்குப் போட்டது. நீ சொல்ற ஆபரேஷனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் போட்டாங்க."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

செல்லியம்மா முதலில் தன் மகனைப் பார்த்தாள். பிறகு கன்னிகாவிடம் திரும்பினாள்.

"மூணாவது பொண்ணு பொறந்ததும், எங்கம்மா வூட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு கேம்ப்புக்குப் போய் பண்ணிக்கினேன். எனக்கும் ரெண்டு நாளு தோளுதான் வலிச்சுது. உங்கம்மாவுக்கு பயந்து இன்னிவரிக்கும் யார்கிட்டயும் சொல்லல."

கன்னிகாவின் பார்வை அண்ணியிடமிருந்து மாப்பிள்ளைக்குப் போயிற்று. மறுபடி அண்ணியிடம் வந்தது. குரல் இறங்கிவிட்டிருந்தது.

"அப்ப... கிரணு?"

"அதுக்கு அப்புறம், அந்த ஆபரேஷனையும் மீறிப் பொறந்தவன்."