கழற்றிய தாழ்ப்பாள்

மத்தியான வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து மகளின் அறைக் கதவில் படர்கிறது. மரத்தூள் அந்த ஒளியில் கீழே இறங்க மனமில்லாமல் மிதக்கிறது. தச்சரான அப்பா முட்டிபோட்டு உட்கார்ந்து, உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றுகிறார். எத்தனையோ வீட்டுக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வைத்த கை. கழற்றிவிட்டு மாட்டாமல் விடுவது இதுதான் முதல் தடவை. "கொஞ்ச நாளைக்குப் பொண்ணு கதவைச் சாத்திக்க வேண்டாம்" என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். போன வாரம் தன்னையே காயப்படுத்திக்கொண்டவள், கட்டிலில் அம்மாவின் மடியில் தலைவைத்து, முழுக்கைச் சட்டையின் நுனியை விரல்களுக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். அன்றைக்கு அவள் அழுத அழுகையில்தான் வீடே விழித்துக்கொண்டது. மின்விசிறி தூக்கத்தில் பேசுவதுபோல முனகுகிறது. அவளைவிட ஒரு வயது மூத்தவனான மகன், அப்பா கழற்றிப் போடும் திருகாணிகளை உள்ளங்கையில் ஏந்தி நிற்கிறான். அவனைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அவன் வாயைத் திறந்தாலே கேலிப் பேச்சுதான். ஆம்பளைப் பிள்ளை, சமாளித்துக்கொள்வான். நாலாவது திருகாணியும் வந்துவிடுகிறது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் மட்டும் கதவின் பழைய நீலம் மங்காமல் இருக்கிறது. "அவ்வளவுதான்டா, முடிஞ்சுது" என்கிறார் தச்சர். மகன் நகரவில்லை. "என் ரூம்லயும் கழட்டிடுங்கப்பா." வழக்கமான கேலி என்று நினைத்துச் சிரித்தபடி நிமிர்கிறார். அவனும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். அவன் உள்ளங்கையில் நாலு திருகாணிகளும் ஒன்றோடொன்று உரசி, நிற்காமல் கிணுகிணுக்கின்றன.