பதினாறு குறைகிறது

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி பத்து நிமிடம். மதியம் பிடித்த தூறல் இன்னும் விடவில்லை.

தாய் இன்ஹேலரைத் திருப்பி, அதன் முதுகில், இன்னும் எத்தனை இழுப்பு மிச்சம் என்று காட்டும் எண்ணைப் படித்தாள். பதினைந்து வயது மகளின் ஆஸ்துமா மருந்து அது. எடுத்துக்கொள்வது மகளின் பொறுப்பு. சரிபார்ப்பது தாயின் பொறுப்பு.

"நூத்தி இருபதுல ஆரம்பிச்சது. ஒரு நாளைக்கு நாலுன்னா இருபது நாளுக்கு எண்பது. நாற்பது மிச்சம் இருக்கணும். இருபத்துநாலு காட்டுது. பதினாறு எங்கே?"

மகள் தரையைப் பார்த்தாள்.

"தோழிங்களுக்கு வேடிக்கை காட்டினியா?"

"இல்லம்மா."

"பின்னே, காத்துல அடிச்சியா?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதைப் பார்த்துக்கத் தெரியாதவளை எந்த தைரியத்துல மூணு நாள் ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பறது? நாளைக்கு நீ போகல."

தச்சுப் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த தந்தையின் புருவத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"விடேன், சின்னப் பொண்ணு," என்றவர் இருமினார்.

"நீங்க கொடுக்கற செல்லம்தான் இப்படி! அது என்ன இருமல்?"

"மரத்தூசி. வேறென்ன?"

இரண்டு ஆண்டுகளாக அதே பதில். மருத்துவரிடம் போகலாம் என்றால், பட்டறையில் வேலை குவிந்துவிடும் அவருக்கு.

மகள் ஓட்டக் காலணிகளை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் தள்ளினாள். "பரவாயில்லம்மா. நான் போகல."

அவள் கண் தளும்பியது. அதைத்தான் தந்தையால் தாங்க முடியவில்லை.

"அவ இல்ல. நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"நெஞ்சு அடைக்கறப்போ ரெண்டு ரெண்டு தடவை இழுத்தேன். எட்டு நாள். அதோட முதுகுல எண் ஓடுதுன்னு நான் கண்டேனா!"

தாய் குரலை உயர்த்தவில்லை. "அவ மருந்து அவளுக்கு. உங்க நெஞ்சுக்கு எதுன்னு டாக்டர் சொல்லட்டும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு."

"எங்கே வேணா வரேன். முதல்ல புள்ளையை அனுப்பு."

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. எட்டு மணிக்குத் தந்தை, மூச்சின் வேகத்தை அளக்க மருத்துவர் நீட்டிய குழாயில் முகம் சிவக்க ஊதினார். பக்கத்தில் அமர்ந்த தாய், அவர் சொல்ல மறந்த ஒவ்வொரு இருமலையும் தேதியோடு சொன்னாள்.

அதே நேரத்தில் மகள், பள்ளிப் பேருந்தின் படியில் நின்று பயிற்சியாளரிடம் சம்மதக் கடிதத்தை நீட்டினாள்.

அவர் பிரித்துப் பார்த்தார். "அம்மா திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுட்டாங்களே! நேத்து வரைக்கும் ஏன் கொடுக்கல?"

"அப்பாவை டாக்டர்கிட்ட அனுப்பற வேலை பாக்கி இருந்துச்சு, மிஸ். நேத்து சாயங்காலம்தான் அம்மாவும் நானும் சேர்ந்து முடிச்சோம்."