முயலின் முன்யோசனை

முயல் தன் வளையில் இரண்டாவது அறை தோண்டப் பெருச்சாளியை அமர்த்தியிருந்தது. மழைக்காலத்தில் மனைவிக்குப் பிரசவம். பாதி வேலை முடிந்திருந்தபோது, கடல் கடந்த காடுகளெல்லாம் காய்ந்து கிடப்பதாக வலசை வந்த நாரை சொல்லிவிட்டுப் போனது.

"தோண்டினது போதும், நிறுத்திடு" என்றது முயல்.

"பாதியிலயா? இந்தக் கூலிக்கடலையை நம்பித்தானே முயலண்ணே, அணில்கிட்ட நார்மெத்தைக்குச் சொல்லி வெச்சேன்!"

"காலம் கெட்டுக் கிடக்குப்பா. கையில இருக்கிறதைக் காப்பாத்திக்கணும்."

பெருச்சாளி மெத்தை வேண்டாமென்றது. மெத்தை விற்காத அணில், வாரம் தவறாமல் முயலிடம் வாங்கிவந்த கிழங்கை நிறுத்தியது. நாரையின் சேதி எட்டிய வளைகளிலெல்லாம் இதே கதைதான். வாங்க ஆளில்லாமல் முயலின் கிழங்குக் குவியல் அழுகத் தொடங்கியது.

மழை வந்தது. ஒரே அறையில் ஆறு குட்டிகளும் நெருக்கியடித்துப் படுத்தன.

"நாம எங்க படுக்கிறது?" என்றது மனைவி.

"இடத்தைப் பார்க்காதே. ஊரே பட்டினி கிடக்கு. அன்னைக்கே நான் கையைச் சுருக்கலேன்னா நம்ம கதி என்ன?" என்றது முயல். "நரி வந்தா குரல் கொடுக்க ஒரு ஓணானை வெச்சிருக்கோமே, நாளைக்கு அதையும் நிறுத்திடறேன்."